எங்கள் வீட்டு ஆபரேட்டிங் சிஸ்டம்

என் கணவருடைய லேப்டாப், அந்த வருடத்தின் முக்கியமான மீட்டிங் ஒன்றின் நடுவில், யாரையும் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள் என்றது. முக்கால் மணி நேரம் அப்படியே சுற்றியது. அந்தப் பக்கம் காத்திருந்த மேலதிகாரிகள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நான் இருந்த அறைக்கு வந்து வாசலில் நின்றார்.

"நானே ஒண்ணு எழுதப் போறேம்பா."

"என்னது?"

"ஆபரேட்டிங் சிஸ்டம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

நாங்கள் இரண்டு பேருமே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். அவர் புரோகிராம் எழுதுபவர். நான் டெஸ்டர், அதாவது மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குபவள். சென்னையில் ஒரே ஆபீசில் இருந்தபோது அவர் எழுதியதில் நான் குற்றம் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, அந்தச் சண்டை வளர்ந்துதான் கல்யாணத்தில் முடிந்தது. கொரோனா வந்து வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் பிள்ளையார்பாளையத்தில் அவருடைய அம்மா வீட்டு மாடிக்குக் குடிவந்தோம். மாடியில் இருக்கும்போது அவர் எனக்கு 'நீ', 'வாப்பா'. கீழே இறங்கினால் 'நீங்க', 'வாங்க'. மாமியாருக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

கீழே கூடத்தில் மாமியாரின் தறி. நாள் முழுவதும் ஓடும். ஒவ்வொரு மீட்டிங்கிலும் யாராவது ஒருவர், "யாரோ ரொம்ப வேகமா டைப் பண்றாங்க, கொஞ்சம் மியூட்ல போடுங்க" என்பார்கள். நாங்கள் இருவரும் மைக்கை அணைப்போம். என்ன ஒரு உழைப்பு என்று மேனேஜர் நினைத்துக்கொண்டிருந்தார். நாங்களும் திருத்தவில்லை.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் கண்விழித்து, உள்ளே இருக்கும் மற்ற எல்லாருக்கும் வேலையும் இடமும் பிரித்துக்கொடுக்கும் புரோகிராம். உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதி, இன்னும் எழுதி முடிக்காத சமாசாரம். அதை ஒரு ஆள், ஞாயிற்றுக்கிழமைகளில், பிள்ளையார்பாளையம் மாடியில் உட்கார்ந்து எழுதப் போகிறேன் என்றால், அது கிணறு வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு முதலில் மண்வெட்டிக்கு இரும்பு தோண்டப் போவதைப் போன்றது.

அவருடைய பழைய நண்பர்கள் வாட்ஸாப் குழு ஒன்று உண்டு. எல்லாரும் புரோகிராம் எழுதுபவர்கள். அங்கே போய் அறிவித்தார். அன்று முழுவதும் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு பேர் கிட்ட சொல்லிடு. பொண்டாட்டி, மேனேஜர், டாக்டர்" என்றார் ஒருவர்.

"நாலு மாசத்துல முடிச்சிடுவேன்" என்று இவர் எழுதினார்.

"எந்த நூற்றாண்டுல?"

"ஓ.எஸ். எழுதறவங்க ரெண்டு வகை மச்சி. ஆரம்பிச்சவங்க ஒரு வகை. இன்னொரு வகையை யாரும் நேர்ல பாத்ததில்ல."

எல்லாவற்றுக்கும் அவர் கட்டைவிரல் போட்டார். பரணிலிருந்து கல்லூரிக் காலத்துக் கம்ப்யூட்டரை இறக்கித் துடைத்தார். அதற்குள்ளிருந்து ஒரு பல்லி முட்டை வந்தது.

ஏழு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலையில், மாடியிலிருந்து ஒரு கூச்சல். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பின்னாலேயே மாமியாரும் வந்தார். கறுப்புத் திரை. அதன் மேல் மூலையில் வெள்ளையாக K என்ற ஓர் எழுத்து. வேறு எதுவும் இல்லை. இவர் கண்ணில் தண்ணீர்.

எனக்குப் புரிந்தது. உள்ளே வேறு எந்தப் புரோகிராமும் இல்லாத வெறும் இயந்திரத்தில், இவர் எழுதியது மட்டும் விழித்துக்கொண்டு ஓர் எழுத்தைக் காட்டுகிறது. நானும் கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனேன். மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இன்னாடா இது, கண்ணாஸ்பத்திரில மாட்டி வெச்சிருப்பாங்களே, அந்த மாதிரி."

"நான் எழுதனதும்மா."

"ஒரு எழுத்து."

"ஆமா."

"இதுக்கா ரெண்டு மாசமா கதவ சாத்திக்கினு இருந்தே? நான் அதுக்குள்ள தறிலேர்ந்து மூணு புடவை இறக்கிட்டேன்."

இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கீழே தறி ஓட ஆரம்பித்தது, வழக்கத்தைவிட வேகமாக.

டெஸ்டரை வீட்டில் வைத்துக்கொண்டு ஓ.எஸ். எழுதினால் என்ன ஆகும்? நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். குறை எண் ஒன்று: எந்த எழுத்தை அடித்தாலும் இரண்டு தடவை வருகிறது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு இரண்டு நாள் யோசித்தார். பிறகுதான் தெரிந்தது. விசையை அழுத்தும்போது கீபோர்டு ஒரு தடவை சொல்கிறது, விரலை எடுக்கும்போது இன்னொரு தடவை சொல்கிறது. இவர் இரண்டையும் மரியாதையாகக் கேட்டு இரண்டு எழுத்துப் போட்டிருக்கிறார்.

குறை எண் இரண்டு: அணைக்க முடியவில்லை.

"அது குறை இல்லப்பா. அது இன்னும் எழுதல."

"எழுதேன்."

"உனக்குத் தெரியாது. போடறது சுலபம். அணைக்கறதுதான் கஷ்டம்." கம்ப்யூட்டர் தானாக அணைய வேண்டுமென்றால், அந்தந்த மதர்போர்டைச் செய்தவன் உள்ளே ஒளித்து வைத்திருக்கும் பட்டியலைத் தேடிப் பிடித்து, அதை அதற்கென்றே இருக்கும் தனி பாஷையில் படித்து, அவன் சொல்லும் இடத்தில் அவன் சொல்லும் எண்ணைப் போட வேண்டுமாம். அந்தப் பாஷைக்கான விளக்கப் புத்தகம் தலையணை கனம். முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அதன்மேலேயே தலைவைத்துத் தூங்கியும் விட்டார். அதனால் எங்கள் வீட்டு ஓ.எஸ்.ஸை அணைக்க ஒரே வழிதான் இருந்தது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவது. அந்தப் பழைய பெட்டியில் அழுத்தும் பொத்தானும் உள்ளே விழுந்துபோய்ப் பல வருடம் ஆகியிருந்தது, எழுப்புவதற்கு மட்டும் கீபோர்டைத் தட்டினால் போதும்.

முப்பத்தொன்றாவது குறையை மட்டும் நான் மறக்க மாட்டேன். ஒரு விசையை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் எல்லாம் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தேன். அடிக்கிற எழுத்துகளை வைத்துக்கொள்ள இவர் கொஞ்சம் இடம்தான் ஒதுக்கியிருந்தார், அது நிரம்பி வழிந்து பக்கத்தில் இருந்ததையெல்லாம் அழித்தது. அதன் எதிரில் அவர் சிவப்புப் பேனாவில் எழுதினார்: 'இப்படி யாரும் செய்ய மாட்டார்கள்.' எங்கள் தொழிலில் புரோகிராமர்கள் அதிகமாகச் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. ஆபீசில் என்றால் விட்டிருக்க மாட்டேன்.

இதற்கிடையில் ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. எங்களிடம் கேலி பேசிய மாமியார் வெளியே போய் வேறு மாதிரி பேசியிருக்கிறார். "கம்ப்யூட்டருக்கு உள்ள ஒண்ணு இருக்குதில்ல, அது இல்லாட்டி கம்ப்யூட்டரே ஓடாது, அத்த எம்புள்ள எழுதிக்கினு இருக்கான்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் கேட்டவர்கள், உலகத்தில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரையும் இவர்தான் எழுதுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் எதிர்வீட்டு அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, பேத்தி போட்டோவெல்லாம் காணாமப் போச்சு. நீ எழுதனதுதானே, கொஞ்சம் திருப்பிப் போடு."

"அது நான் எழுதினது இல்லைங்க."

"உங்கம்மா சொன்னாங்களே?"

அடுத்து மூலை ஜெராக்ஸ் கடைக்காரர். அவர் கடைக் கம்ப்யூட்டரிலும் திடீரென்று வட்டம் சுற்ற ஆரம்பித்திருந்தது. அவர் கோபமாகவே வந்தார். "இன்னா சார், ஹால் டிக்கெட் எடுக்க பசங்க வரிசைல நிக்கறாங்க. இப்பப் போய் அப்டேட் உட்டுக்கினு இருக்கீங்களே, ஞாயித்துக்கிழமை உடக்கூடாதா?"

என் கணவர் அந்த வட்டத்தின் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். வேறு வழி இருக்கவில்லை.

கடைசியில் அய்யம்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு ஊராட்சித் தலைவர் வந்தார். விவசாயக் குடும்பம், அரிசி மில் வைத்திருக்கிறார், பிறகு அரசியல். மாமியார் மாதாமாதம் அரிசி வாங்குவது அவருடைய மில்லில்தான். வெள்ளைச் சட்டை, கூட இரண்டு பேர். மாடிப்படி ஏறி வந்து, பழைய கம்ப்யூட்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதானாப்பா அது?"

"ஆமாங்க."

"அமெரிக்காக்காரன் எழுதறான், நாம வாங்கிக்கினு இருக்கோம். நம்ம ஊருப் புள்ள ஒருத்தன் எழுதறான்னா அத்த நாலு பேருக்குச் சொல்ல வேணாமா? காணும் பொங்கலுக்கு விழா வெச்சிருக்கோம். மேடையில ரெண்டு நிமிஷம் போட்டுக் காட்டு தம்பி. ஒரு பொன்னாடை போத்தி அனுப்பறேன்."

என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னும் முடியலீங்க. பாதிகூட வரல."

"மில்லாண்ட ரோடுகூடத்தான் முடியல. தொறப்பு விழா நடத்திட்டோமில்ல?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மாமியார் காபி டம்ளர்களோடு வந்து, "வருவான், வருவான், இன்னா இப்ப" என்று முடித்துவைத்தார்.

மேடையில் ஆங்கில எழுத்தைக் காட்ட முடியாது, தமிழில் வணக்கமாவது வர வேண்டும் என்று இவருக்கு ரோஷம் வந்தது. அப்போதுதான் இன்னொரு பள்ளம் தெரிந்தது. வெறும் இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வோர் எழுத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டம் வெள்ளை, எது கறுப்பு என்று நாமே சொல்ல வேண்டும். இவர் 'வ' போட்டார். இங்கிலீஷ் எழுத்துக்குக் கைகால் முளைத்த மாதிரி இருந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, புடவைக்குப் புட்டாப் பூக்கள் வரைவதற்கு வைத்திருந்த கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எத்தினி கட்டம்?"

"பதினாறுக்குப் பதினாறும்மா."

வ வந்தது. க வந்தது, அழகாகவே வந்தது. ண வந்தபோது தகராறு.

"இது பதினாறுல அடங்காது. இருபத்தி நாலு குடு."

"குடுக்க முடியாதும்மா. எல்லா எழுத்துக்கும் பதினாறுன்னு வெச்சு எழுதிட்டேன். இப்ப மாத்தினா எல்லாத்தையும் மாத்தணும்."

"அப்ப எழுதறதுக்கு மின்ன யோசிச்சிருக்கணும். ணவுக்கு எத்தினி சுழின்னு உனக்கு ஒண்ணாங்கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்களா இல்லியா?"

நான் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருடமாக ஆபீசில் வாடிக்கையாளர்களுக்கும் புரோகிராமர்களுக்கும் நடக்கும் சண்டை இதுதான். ஆனால் வாடிக்கையாளர் புரோகிராமரின் காதைத் திருகும் உரிமையோடு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. இருபத்து நாலு கட்டம் கிடைத்தது. அந்த வாரம் முழுவதும் இவர் மாற்றி எழுதினார். மாமியார் ஆரம்பித்தால் நிறுத்துகிறவர் இல்லை. வணக்கத்துக்கு வேண்டிய எழுத்துகளோடு நிற்காமல், தறிக்கு நடுநடுவே, அ முதல் ன வரை எல்லாவற்றையும் போட்டு முடித்தார்.

இவ்வளவு எழுத்து கைக்கு வந்ததும் இவருக்கு உற்சாகம். ஓ.எஸ். படுத்துவிட்டால் கடைசியாகத் திரையில் ஒரு செய்தி வரும், அதையும் தமிழில் எழுதிவிட்டேன் என்றார். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. புரோகிராமர்கள் அந்த மாதிரி இடங்களில் தங்களுக்காக ஏதாவது கிறுக்கி வைப்பது எங்களுக்குச் சகஜம். யாரும் பார்க்கப் போவதில்லை என்ற நம்பிக்கையில் எழுதுவது.

காணும் பொங்கல் அன்று மதியம் ஷேர் ஆட்டோவில் கிளம்பினோம். பெட்டி என் மடியில். கீபோர்டு மாமியார் கையில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "மிக்சியாமா? எங்க வாங்கனீங்க?" என்று கேட்டார். ஊர் எல்லையிலேயே பேனர் இருந்தது. 'கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்த காஞ்சியின் மைந்தரே வருக'. எங்கள் கல்யாணப் போட்டோவிலிருந்து இவரை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கழுத்தில் மாலை இருந்தது. தோளுக்குப் பக்கத்தில் என் மூக்கின் நுனி இருந்தது.

திடலில் ஒரு பக்கம் உறியடி, ஒரு பக்கம் கோலப் போட்டிக்கு மதிப்பெண். மேடைக்குப் பின்னால் சுவர் அளவுக்கு எல்.இ.டி. திரை. எங்கள் பெட்டியை அதோடு இணைத்துவிட்டு அந்தத் திரைக்காரர் பொங்கல் சாப்பிடப் போனார். முதலில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு. பிறகு இவரை அழைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். இவர் கீபோர்டைத் தட்டிப் பெட்டியை எழுப்பினார்.

திரை முழுவதும் கறுப்பு. மூன்று நொடி. பிறகு ஆள் உயரத்தில், மாமியாரின் எழுத்தில், 'வணக்கம்'.

கைதட்டல் எழுந்தது. ணவின் மூன்று சுழியும் தெளிவாகத் தெரிந்தன. என் பக்கத்தில் இருந்த மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். நான் நிஜமாகவே பெருமைப்பட்டேன். அத்தோடு அணைத்திருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். அணைக்கத்தான் வராதே.

"இது இன்னும் இன்னா பண்ணும் தம்பி?" என்று தலைவர் மைக்கில் கேட்டார்.

"நீங்க ஒரு எழுத்தை அழுத்தினா அது வரும்ங்க."

"அவ்ளோதானா? அது எம் போன்லயே வருதே."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தபடி குனிந்து, கீபோர்டில் 'அ' என்று தாள் ஒட்டியிருந்த விசையின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார். மேடையில் இருப்பவர்கள் எதையும் தொட்டுவிட்டு உடனே கையை எடுப்பதில்லை. போட்டோ எடுக்க வேண்டும். விரலை அழுத்தியபடியே கேமராவைப் பார்த்தார். 'அ' வந்தது. 'அஅஅஅஅஅஅ' என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. போட்டோக்காரர், "சார் இன்னொண்ணு, இப்பிடித் திரும்புங்க" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று மனசுக்குள் அடித்துக்கொண்டது. மேடையில் என் கணவர் கையை நீட்டி, தலைவரின் விரலை எடுக்கவும் துணியாமல், விடவும் முடியாமல் நின்றிருந்தார்.

திரை ஒரு தடவை துடித்து வெறுமையானது. பிறகு நடுவில் இரண்டு வரி.

'யாரோ தப்பு பண்ணிட்டாங்க.
அது நான் இல்ல.'

திடல் முழுவதும் திரையைத் திரும்பிப் பார்த்தது. உறியடிக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தவர்கூடக் கட்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தார். விரல் இன்னும் கீபோர்டின் மேல் இருந்தது. தலைவர் திரும்பி, தன்னைவிடப் பெரிதாக நின்ற அந்த எழுத்துகளை மைக்கிலேயே மெதுவாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு விரலைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார்.

அவர் சிரித்தார். வயிறு குலுங்கிச் சிரித்தார். "நம்ம கட்சி ஆபீஸ்ல இத்த எழுதி மாட்டணும்யா! போன எலெக்சன் முடிஞ்சதும் எல்லாரும் எங்கிட்ட இத்ததான் சொன்னானுங்க!"

கூட்டம் சிரிப்பில் வெடித்தது. விசில் பறந்தது. பிள்ளைகள் ராகம் போட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் நான் மேடைக்குப் பக்கவாட்டில் ஓடிவிட்டேன், பிளக்கைப் பிடுங்கலாம் என்று. அங்கே மரப்பலகை ஒன்றில் எட்டுப் பிளக், எல்லாம் ஒரே கறுப்பு. மைக் செட்காரரைக் கேட்டேன். "எனுக்குத் தெரியாதும்மா, எல்.இ.டி. ஆளு சாப்புடப் போய்க்கிறாரு" என்றார். ஒன்றைப் பிடுங்கினேன். தலைவர் அடுத்த தேர்தலைப் பற்றி ஏதோ ஆரம்பித்திருந்தார், பாதி வாக்கியத்தில் மைக் செத்தது. அதற்குத்தான் அன்றைக்கு அதிகக் கைதட்டல் கிடைத்தது. பதறிப்போய் அதைச் செருகிவிட்டு இன்னொன்றைப் பிடுங்கினேன். சீரியல் விளக்குகள் அணைந்தன. மூன்றாவதில்தான் எங்கள் பெட்டி நின்றது.

எங்களுக்கு எவர்சில்வர் குடம் ஒன்று நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். ஷேர் ஆட்டோவிலேயே திரும்பினோம். என் கணவர் பொன்னாடையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் மாமியார் சொன்னார்: "எழுத்து நான் போட்டது. நல்லாத்தான் வந்துச்சு. தப்பு மட்டும்தான் அவன் போட்டது."

யாரோ எடுத்த வீடியோ மறுநாளே நண்பர்கள் குழுவுக்குப் போய்விட்டது. "உலகத்துலயே முதல்முறையா ஒரு ஓ.எஸ். உண்மையைச் சொல்லியிருக்கு" என்றார் ஒருவர். "டெஸ்டரைக் கல்யாணம் பண்ணிட்டு டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ணினவன்" என்றார் இன்னொருவர். நான் நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை, சிவப்புப் பேனாவோடு, போட்டோ எடுத்து அதே குழுவில் போட்டேன். அதற்குப் பிறகு என் கணவரைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆளாளுக்குத் தங்கள் வீட்டில், ஆபீசில், யாரும் செய்ய மாட்டார்கள் என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதைகளை எழுத ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் ஓடியது.

இவர் மட்டும் பெட்டியைத் திறக்கவில்லை. அதன் மேல் துணி போட்டு மூடிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை டிவி பார்த்தார். நான் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டேன். எனக்கே அது நன்றாக இல்லை.

பத்து நாள் கழித்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராம், எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்பவர். அவருடைய மாமனார் ஊர் அய்யம்பேட்டை, அந்த விழாவுக்கு வந்திருக்கிறார். போனில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன்.

"சார், எனக்கு ஒரு டவுட்டு. அன்னைக்கே கேக்கலாம்னு பாத்தேன், கூட்டமா இருந்துச்சு" என்றார். "கம்ப்யூட்டர் உள்ள வேலை செய்யறது ஒருத்தன்தான்னு எங்கயோ படிச்சேன். அப்பறம் எப்படி பாட்டும் ஓடுது, டைப்பும் அடிக்குது, படமும் வருது, எல்லாம் ஒரே நேரத்துல?"

இந்த ஆறு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் இவரிடம் ஓ.எஸ்.ஸைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். இவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒரே நேரத்துல நடக்கலைங்க. ஆளுக்குக் கொஞ்சம் நேரம். மணி அடிச்சதும் இறங்கிடணும், அடுத்தவன் ஏறுவான். ரொம்ப வேகமா மாத்திக்கிட்டே இருக்கறதால நமக்குத் தெரியறதில்ல."

"ஷெட்யூல்."

"ஷெட்யூலேதான்! அந்தப் பேருதான்!"

"எறங்க மாட்டேன்னு அடம் புடிச்சா?"

"கழுத்தைப் பிடிச்சு இறக்கிடும்."

"பரவால்லியே. எங்க டிரைவருங்களுக்கு அது கெடையாது." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சரி சார். ஸ்டாண்டுக்குள்ள வர்ற வண்டி, வெளிய போற வண்டி நகரட்டும்னு நிக்குது. வெளிய போறது, உள்ள வர்றவன் பின்னால எடுக்கட்டும்னு நிக்குது. ரெண்டு பேரும் இன்ஜினை நிறுத்திட்டு உக்காந்துக்கினு இருக்கான். அந்த மாதிரி உள்ள ஆவாதா?"

"ஆகும். அதுக்கு டெட்லாக்னு பேரு."

"எங்க ஸ்டாண்டுல அதுக்குச் சாயங்காலம் ஆறு மணின்னு பேரு."

நான் அதற்குள் அடுத்த அறைக்கு மீட்டிங்குக்குப் போயிருந்தேன். சிரித்துவிட்டேன். மைக் திறந்திருந்தது. மேனேஜர் பேசுவதை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார்.

"நான் போய் விசில் ஊதுவேன்" என்றார் டைம் கீப்பர். "ஒருத்தனைத் திட்டிப் பின்னால எடுக்க வெப்பேன். உங்களுதுல யாரு ஊதறது?"

 

"இன்னும் யாரும் இல்லைங்க" என்றார் என் கணவர்.

"அப்ப ஆள் போடுங்க சார்."

நான் மீட்டிங்கை முடித்துவிட்டு டீ கொண்டுபோனபோது பெட்டியின் மேல் இருந்த துணி தரையில் கிடந்தது. மாமியாரின் கட்டத்தாளில் இருவரும் பஸ் ஸ்டாண்டை வரைந்துகொண்டிருந்தார்கள். செங்கல்பட்டு வண்டிக்கு ஒரு கட்டம், அரக்கோணம் வண்டிக்கு ஒரு கட்டம். யாரை முதலில் பின்னால் எடுக்கச் சொல்வது என்று வாக்குவாதம். அதிக நேரம் காத்திருந்தவனை முதலில் போக விட வேண்டும் என்றார் இவர். அப்படி விட்டால் கடைசி பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்கள் உங்களை அடிப்பார்கள் என்றார் அவர். இரண்டாவது டீயும் போனது. மூன்றாவது டீயை வாங்கிக்கொண்டபோதுதான் டைம் கீப்பர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐயய்யோ, வேலூர் வண்டி!"

டம்ளரை என் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கி ஓடினார். சாப்பாட்டு நேரத்தில் வந்தவராம். தெருமுனை திரும்பும் வரை விசில் அவர் மார்பில் மோதி மோதிக் குதித்துக்கொண்டிருந்தது.